யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டிக்கு வீட்டிலேயே எக்ஸ்பான்ஷன் சேம்பர் (விரிந்து பின் சுருங்கும் கூம்பு வடிவப் புகைக்குழாய்) செய்ய முடியுமா? சைலன்சரின் வாலில் சத்தத்தை அடக்கும் பேஃபிளைக் கழற்றினாலே இழுவை கூடும் என்கிறார்களே?

செய்ய முடியும், சரியாகச் செய்தால் இழுவையும் கூடும். பேஃபிளைக் கழற்றுவதால் கூடுவது சத்தம் மட்டும்தான். கம்பெனி சைலன்சரின் உள்ளேயே விரியும் கூம்பும் சுருங்கும் கூம்பும் அளவு பார்த்து அமைக்கப்பட்டிருக்கின்றன. வால் பகுதியைத் திறந்துவிட்டால் உள்ளே நிற்க வேண்டிய அழுத்தம் குறைந்து, நகரச் சாலையில் நமக்குத் தேவைப்படும் நடுத்தர வேகத்து இழுவைதான் முதலில் போகும். காதுக்கு வேகமாகத் தெரியும் வண்டியைக் கடிகாரம் வைத்துப் பார்த்தால் பழைய நேரமோ அதைவிட மோசமான நேரமோதான் வரும்.

இந்த டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் புகைவழிக்கு வால்வு கிடையாது. பிஸ்டனே கீழிறங்கி அந்தத் துவாரத்தைத் திறக்கிறது, மேலேறி மூடுகிறது. திறந்த கணத்தில் கிளம்பும் அழுத்த அலை விரியும் கூம்பில் நுழையும்போது ஓர் உறிஞ்சும் அலை சிலிண்டருக்குத் திரும்பி வந்து எரிந்த வாயுவை வெளியே இழுக்கிறது. கூடவே புதிய பெட்ரோல் கலவையும் கொஞ்சம் குழாய்க்குள் தப்பி விடுகிறது. முன்னே போன அலை சுருங்கும் கூம்பில் மோதித் திரும்பி, துவாரம் மூடுவதற்குச் சற்று முன் வந்து சேர்ந்தால், தப்பிய கலவை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளப்படும். கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்தில் வால்டர் காடன் இந்த அலைகளை அளந்து அளந்து குழாயைச் செதுக்கியதால்தான் 1961-இல் அவர்களுடைய 125 சிசி பந்தய வண்டி 25 குதிரைத்திறனை, அதாவது லிட்டருக்கு 200 என்ற கணக்கை, எட்டியது. அதே ஆண்டு அவர்களின் ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் இந்த நுட்பத்தோடு மேற்கே தப்பிச் சென்று சுசுகியில் சேர்ந்தார்; 1962-இல் சுசுகி வண்டியில் 50 சிசி உலகப் பட்டத்தை வென்றார். குழாயின் அறிவு எவ்வளவு விலை மதிப்புள்ளது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

ஆகவே தகரத்தை வெட்டுவதற்கு முன் அளக்க வேண்டியது எஞ்சினை. மேக்னட் பக்கத்து மூடியைக் கழற்றிக் கிராங்க் முனையில் டிகிரி கோடுகள் குறித்த வட்டு ஒன்றைப் பொருத்துங்கள். பிளக் துளை வழியாகப் பிஸ்டனைத் தடுக்கும் ஒரு போல்ட்டை வைத்து, எஞ்சினை இரு பக்கமும் மெதுவாகச் சுற்றி, பிஸ்டன் முட்டி நிற்கும் இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே உள்ளதுதான் உண்மையான உச்சிப்புள்ளி. பின்னர் புகைத் துவாரத்தில் மெல்லிய தகட்டுத் துண்டை நுழைத்து, பிஸ்டன் அதை விடும் இடத்தையும் கவ்வும் இடத்தையும் குறித்துக்கொண்டால் துவாரம் எத்தனை டிகிரி திறந்திருக்கிறது என்பது கிடைத்துவிடும். யாரோ எழுதிய எண்ணை நம்பாமல் உங்கள் சிலிண்டரையே அளப்பது நல்லது, ஏனென்றால் இத்தனை வயதான வண்டிகளில் போர் செய்யாத, துவாரத்தை அரம் போட்டுப் பார்க்காத சிலிண்டர் அரிது.

அலையின் வேகத்தை விநாடிக்கு ஏறத்தாழ 518 மீட்டர் என்று கொண்டால் கணக்கு எளிது: திறந்திருக்கும் டிகிரியை 43,180 ஆல் பெருக்கி, உச்சத் திறன் வேண்டும் என நீங்கள் நினைக்கும் ஆர்பிஎம்மால் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் எண்ணிக்கை) வகுத்தால் நீளம் மி.மீட்டரில் வரும். எடுத்துக்காட்டாக 180 டிகிரி, 8500 ஆர்பிஎம் என்றால் 914 மி.மீ. இது பிஸ்டன் முகத்திலிருந்து குழாயின் மையக்கோட்டின் வழியே, சுருங்கும் கூம்பின் பாதி நீளம் வரையிலான தூரம். வால் நுனி வரை அல்ல. கம்பெனி அமைப்பில் இந்த வண்டி 11 குதிரைத்திறனை 7500 ஆர்பிஎம்மில் தருகிறது. துவாரத்தையும் கார்புரேட்டரையும் தொடாமல் 10,000-த்துக்குக் குழாய் செய்தால் எஞ்சின் அந்தச் சுற்றுக்குப் போய்ச் சேரவே சேராது, கீழே இருந்ததும் போய்விடும். சாலை வண்டிக்கு 8000 முதல் 8500 வரைதான் என் சிபாரிசு.

குறுக்களவுகளில், பெண்டு பைப்பின் (சிலிண்டரிலிருந்து வளைந்து வரும் முன்குழாய்) உள்விட்டம் 36 மி.மீ. என்றால் வயிற்றுப் பகுதி அதன் இரண்டரை மடங்கு, அதாவது 90 மி.மீ. சுற்றி இருக்கலாம். வால்குழாய் பெண்டு பைப்பின் 0.6 பங்கு, 22 மி.மீட்டருக்கு அருகில். வால்குழாயை அளவுக்கு மீறிச் சிறுத்தால் சூடு உள்ளேயே தங்கிப் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். ஆகவே முதலில் சற்றுப் பெரிதாக வைத்து, உள்ளே சிறு குழாய்த் துண்டு செருகிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வருவதுதான் பாதுகாப்பான வழி. விரியும் கூம்பு நிதானமாக விரிய வேண்டும். சுருங்கும் கூம்பு எவ்வளவு செங்குத்தாக இருக்கிறதோ அவ்வளவு கூர்மையாக உச்சத் திறன் வரும், அவ்வளவு குறுகிய சுற்று எல்லையில் அடங்கியும் விடும்.

கூம்பை விசிறி வடிவத் தகடாக விரித்து வெட்டுவதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஒரு முனை 36, மறுமுனை 90, நேர் நீளம் 220 மி.மீ. உள்ள கூம்புக்குச் சரிவு நீளம் 221.6 மி.மீ. அதைப் பெரிய விட்டமான 90 ஆல் பெருக்கி, விட்டங்களின் வித்தியாசமான 54 ஆல் வகுத்தால் வெளி வில்லின் ஆரம் 369. அதிலிருந்து சரிவு நீளத்தைக் கழித்தால் உள் வில்லின் ஆரம் 148. விசிறியின் கோணம் 180-ஐ 90 ஆல் பெருக்கி 369 ஆல் வகுத்தது, ஏறத்தாழ 44 டிகிரி. சார்ட் பேப்பரில் வரைந்து சுருட்டிப் பார்த்து, பொருந்திய பிறகே 1 மி.மீ. சிஆர் ஷீட்டில் (பூச்சில்லாத சாதாரண இரும்புத் தகடு) குறியுங்கள். வைஸில் கடித்த ஒரு குழாயின் மேல் ஷீட்டை வைத்து, மரச்சுத்தியலால் இரு ஓரங்களிலிருந்தும் நடுவை நோக்கித் தட்டிக்கொண்டே வந்தால் வடிவம் தானாக விழும். நடுவில் தொடங்கினால் ஓரம் தட்டையாகவே நின்று, பற்றவைக்கும்போது உச்சியில் ஒரு முகடு தெரியும். துத்தநாகம் பூசிய ஜிஐ ஷீட் வேண்டவே வேண்டாம், சூட்டில் கிளம்பும் துத்தநாகப் புகை ஆளைப் படுக்கையில் தள்ளும்.

சாதாரண ஆர்க் வெல்டிங் இந்தத் தடிமனில் ஓட்டை போட்டுவிடும். வீட்டில் துண்டுகளைப் பொருத்திப் புள்ளி வைத்துவிட்டு, முழுப் பற்றையும் ஆர்கான் வெல்டிங் செய்யும் பட்டறையில் கொடுப்பது செலவுக்குத் தகுந்த வேலை. முடிந்ததும் ஒரு முனையை அடைத்துச் சோப்பு நீர் தடவி லேசாகக் காற்றடித்தால் கசியும் இடம் குமிழியாகக் காட்டும். சிலிண்டர் முனையில் சிறு கசிவு இருந்தாலும் அலை பலவீனப்படும், ஆகவே கேஸ்கெட்டைப் புதிதாகவே போடுங்கள். பின்பக்கக் கிளாம்ப்பில் ரப்பர் புஷ் வைக்காமல் இறுக்கினால் அதிர்வில் பற்று விரியும்.

டியூனிங்கிற்கு வருவோம். பெண்டு பைப்பை இரண்டாக வெட்டி ஒன்றினுள் ஒன்று நுழையும்படி வைத்தால் நீளத்தை மாற்றிப் பார்க்க வசதி. மேற்சொன்ன கணக்கில் 10 மி.மீ. நீட்டினால் உச்சம் ஏறத்தாழ 90 ஆர்பிஎம் கீழே இறங்கும். ஆனால் அதற்கெல்லாம் முன்பு கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டை இரண்டு மூன்று படி பெரிதாக்குங்கள். புதிய குழாய் அதிகக் காற்றை இழுக்கும்போது பழைய ஜெட் தரும் பெட்ரோல் போதாமல் போய்ப் பிஸ்டன் சீஸ் ஆகும் (சூட்டில் சிலிண்டருக்குள் இறுகிவிடும்). பெரிய ஜெட்டில் வண்டி உச்சச் சுற்றில் தடுமாறும், அது பரவாயில்லை. அங்கிருந்து ஒவ்வொரு படியாக இறங்குங்கள். முழு ஆக்ஸிலரேட்டரில் ஓடவிட்டு, கிளட்ச்சைப் பிடித்து உடனே எஞ்சினை அணைத்துப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இன்றைய பெட்ரோலில் பீங்கான் நுனியின் நிறம் வெளிறித்தான் தெரியும்; பீங்கானின் அடியில், உலோகத்தோடு சேரும் இடத்தில் உள்ள புகை வளையத்தை லென்ஸ் வைத்துப் பார்ப்பதே நம்பகமானது. பீங்கானில் பளபளக்கும் அலுமினியப் பொட்டுகள் தெரிந்தால் அன்றைய ஓட்டத்தை அங்கேயே நிறுத்துங்கள், அது பிஸ்டன் உருகிக் கிளம்பிய துகள்.

இக்னிஷனைச் சற்றுத் தாமதப்படுத்தினால் குழாய் சூடேறி அலையின் வேகம் கூடும், அதனால் உச்சத்துக்கு மேலும் கொஞ்சம் ஓடும். குழாயில் வெப்ப நாடா சுற்றினாலும் இதே விளைவுதான், எனவே நாடாவைச் சுற்றிய பின் நீளத்தை மறுபடி சரிபார்க்க வேண்டும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி ஒலி, புகை வரம்பை மீறிய வண்டியை ஓட்டினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். ஓட்டுநர் உரிமத்துக்கும் மூன்று மாதத் தடை உண்டு. வால்குழாய்க்குப் பின்னால் கண்ணாடி இழை அடைத்த சிறு சைலன்சர் ஒன்றைச் சேர்த்தால் திறன் அதிகம் குறையாது, தெருவும் உங்களைத் திட்டாது. என்றாலும் சோதனையில் அது மாற்றியமைத்த வண்டியாகத்தான் கருதப்படும். செய்த குழாயை இருங்காட்டுக்கோட்டை போன்ற ஓடுதளத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி சைலன்சரை மட்டும் யார் கேட்டாலும் விற்றுவிடாதீர்கள். 1996-இல் உற்பத்தி நின்ற வண்டி இது; நல்ல நிலையில் உள்ள அசல் சைலன்சர் இப்போது சுலபத்தில் கிடைப்பதில்லை.