பின்வீட்டார் நடக்கும் சந்து: சுவர் எடுக்கலாமா?

கேள்வி: திருமங்கலம் பக்கம் ஒரு பழைய வீடு வாங்கி, நான்கு மாதம் முன்பு குடிவந்தோம். எங்கள் மனைக்குள் வடபுறம் 4 அடிச் சந்து இருக்கிறது. பின்வீட்டுப் பெரியவர் குடும்பம் அதன் வழியாகத்தான் எங்கள் தெருவுக்கு வந்து பஸ் ஏறுகிறது. அவர்களுக்குக் கீழத்தெருவில் தனி வாசலும் உண்டு. கொத்தனாருக்கு முன்பணம் கொடுத்து, காம்பவுண்ட் சுவர் எடுக்கப்போகிறோம் என்றதும், “25 வருஷமா நடக்கிறோம், எங்களுக்குப் பாத்தியதை இருக்கு” என்கிறார். குடிவந்த அன்று எங்களுக்குக் குழம்பு கொடுத்தனுப்பிய வீடு, இப்போது பேச்சே இல்லை. என் கணவர் கேட் போட்டுப் பூட்டிவிடலாம் என்கிறார். வீட்டை விற்றவர், “பாவம், நான்தான் போய்க்கச் சொன்னேன்” என்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் பூட்டு வேண்டாம். நல்லெண்ணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. பூட்டினால் மறுநாளே அவர் முன்சீப் கோர்ட்டில் தடையுத்தரவு கேட்டு நிற்பார், உங்கள் சுவர் வேலை அப்படியே நின்றுவிடும். பூட்டியதால் அவருடைய கணக்கு அறுந்துபோகும் என்றும் நினைக்காதீர்கள். தடுக்கப்பட்டது தெரிந்தும் ஒரு வருடம் அவர் பேசாமல் இருந்தால்தான் சட்டம் அதைத் தடங்கலாக எடுத்துக்கொள்ளும்.

அது என்ன கணக்கு? 1882ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் (அடுத்தவர் இடத்தைப் பயன்படுத்தும் பாத்தியதை) சட்டத்தின் 15ஆவது பிரிவுப்படி, ஒருவர் அடுத்தவர் நிலத்தின் வழியே 20 ஆண்டு இடைவிடாமல், வெளிப்படையாக, சண்டை சச்சரவின்றி, தன் உரிமை என்ற நிலையில் நடந்து வந்தால் அவருக்கு வழிப்பாத்தியதை ஏற்படும். ஆண்டுக் கணக்கு மட்டும் போதாது, ‘உரிமை என்ற நிலையில்’ என்பதுதான் உயிர்நாடி. விற்றவர் “போய்க்கோங்க” என்று சொல்லி அவர் நடந்திருந்தால் அது வெறும் அனுமதி. அனுமதியில் 50 வருடம் நடந்தாலும் பாத்தியதை வராது. அதோடு, அனுமதி கொடுத்தவர் இடத்தை விற்றுவிட்டால் வாங்கியவரை அந்த அனுமதி கட்டுப்படுத்தாது என்று 59ஆவது பிரிவு சொல்கிறது. கீழத்தெருவில் வாசல் இருப்பதால், ‘வேறு வழியே இல்லை’ என்ற வாதமும் அவருக்கு எடுபடாது.

ஆக, விற்றவரின் அந்த ஒரு வாக்கியம் உங்களுக்குத் தங்கம். பணம் வாங்கியபோது அவர் இதைச் சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது, அது வேறு கதை. இப்போதாவது எழுத்தில் வாங்கி வையுங்கள்.

ஆனால் இதெல்லாம் பத்திரத்தில் ஒன்றும் எழுதாமல் இருந்தால்தான். பழைய மனைகளை ஒரே ஆள் பிரித்து விற்றிருப்பார். அப்போது பின்மனைப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் ‘வடபுறம் நடைபாதை பாத்தியதை உள்பட’ என்று ஒரு வரி போட்டிருந்தால் ஆட்டமே மாறிவிடும். உங்கள் மூலப்பத்திரத்தை நான்கெல்லை வரை வரி வரியாகப் படியுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டு, பெரியவர் வீட்டுப் பத்திரத்துக்கும் நகல் கேளுங்கள். கிரயப் பத்திர நகலை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி வாங்கலாம், அவரிடம் கேட்க வேண்டியதில்லை. தாலுகா சர்வேயரை வைத்துச் சந்து முழுவதும் உங்கள் அளவுக்குள்தான் வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படி ஒரு வரி இருந்தே விட்டாலும், நடைபாதை என்றால் நடக்க மட்டும்தான். பைக் ஓட்டுவதற்கு அது இடம் தராது.

வரி இல்லையென்றால், அடுத்த நாளே கடப்பாரையோடு இறங்க வேண்டாம். அனுமதியை முடித்துக்கொள்பவர் நியாயமான அவகாசம் தர வேண்டும். எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். என்னைக் கேட்டால், ஒரு கேட் போட்டுச் சாவி ஒன்றை அவரிடமும் கொடுத்து, ‘இது அனுமதியின் பேரில் மட்டும், உரிமையல்ல’ என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவது மலிவு. எழுதாமல் விட்டால் உங்கள் பிள்ளைகள் காலத்தில் இதே கேள்வி திரும்ப வரும். அப்புறம், சந்தில் சிமென்ட் தளம் போட்டுத் தருகிறேன் என்று அவர் சொன்னால் மறுத்துவிடுங்கள். அனுமதியை நம்பிச் செலவழித்து நிலையான வேலை செய்தேன், இனி ரத்து செய்ய முடியாது என்று பிறகு வாதாட அது வழி கொடுக்கும்.

அவர் கையெழுத்துக்கு இசையாவிட்டால் இலவசச் சட்ட உதவி தரும் வட்டச் சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுங்கள். வழக்குப் போடும் முன்பே இருவரையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். கோர்ட் கட்டணம் கிடையாது. அங்கே லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) சமரசமானால் அது சிவில் கோர்ட் டிக்ரிக்கு, அதாவது தீர்ப்பாணைக்குச் சமம், அதன் மேல் அப்பீலும் இல்லை.

கொத்தனாருக்கு முன்பணம் கொடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருப்பிக் கேட்க வேண்டாம். தெற்குப் பக்கச் சுவரை முதலில் எடுக்கச் சொல்லுங்கள், அதற்குள் பத்திர நகல் கைக்கு வந்துவிடும்.