நிலக்கரியின் கரிமக் கந்தகம் எதிர்மறை எண்ணாக வருகிறதே?

உங்கள் நிலக்கரியில் மொத்தக் கந்தகம் 1.2, சல்பேட்டாக இருப்பது 0.1, பைரைட்டாக (இரும்பு சல்பைடு கனிமம்) இருப்பது 1.3 சதவீதம், ஆகவே கரிமச் சேர்மங்களில் பிணைந்திருக்கும் கரிமக் கந்தகம் கழித்தல் 0.2 என்று எழுதியிருக்கிறீர்கள். கரிமப் பகுதியை யாரும் நேரடியாக அளப்பதில்லை, கழித்துத்தான் பெறுகிறோம். எனவே மற்ற மூன்றின் பிழையும் அதன் தலையில் வந்து விழும்.

எனக்குச் சந்தேகம் பைரைட் மீதுதான். நைட்ரிக் அமிலச் சாற்றில் இரும்பை அளந்து, அதைப் பைரைட் கந்தகமாக மாற்ற 1.148 ஆல் பெருக்கியிருப்பீர்கள். அந்த இரும்பு முழுவதும் பைரைட்டிலிருந்து வந்தது என்பதற்கு என்ன உத்தரவாதம்? சிடரைட் (இரும்புக் கார்பனேட்) போன்ற கனிமங்களின் இரும்பை முந்தைய ஹைட்ரோகுளோரிக் அமிலப் படியே கரைத்து வெளியேற்ற வேண்டும். வடிதாளில் தங்கிய கரியைச் சரியாகக் கழுவாவிட்டால் அந்த இரும்பு அடுத்த சாற்றுக்குள் வந்துவிடும். கடைசிக் கழுவுநீரில் ஒரு துளி ஹைட்ரஜன் பெராக்சைடும் சிறிது தயோசயனேட்டும் விட்டுப் பாருங்கள். சிவந்தால் கழுவல் போதவில்லை.

நைட்ரிக் சாற்றில் இரும்புக்குப் பதிலாகக் கந்தகத்தையே அளந்திருந்தால் அதுவும் தவறு. கரிமக் கந்தகத்தில் கொஞ்சம் அந்த அமிலத்தில் கரைந்துவிடும்.

இன்னொன்று, சலிப்பூட்டும் காரணம்தான்: மொத்தக் கந்தகம் ஈரத்தோடும் மற்றவை உலர் நிலையிலும் கணக்கிடப்பட்டிருக்கின்றனவா? ஈரம் மிகுந்த பழுப்பு நிலக்கரியில் எதிர்மறை எண் வர இதுவே போதும். மூன்று அளவீடுகளும் ஒரே நிலக்கரி மாதிரியின் பொடியிலிருந்து எடுத்தவைதானா என்பதையும் எழுதுங்கள்.