ஈறு அழுகல்: கேள்வி பதில்

கேள்வி: நான்கு நாளாக ஈறில் தாங்க முடியாத வலி. தொட்டாலே இரத்தம், வாயெல்லாம் நாற்றம். பரீட்சைக்காகப் பல இரவுகள் தூங்கவில்லை. சாதாரண ஈறு வீக்கம்தானா டாக்டர்?

பதில்: சாதாரண ஈறு வீக்கம் பெரும்பாலும் வலிக்காது. அதனால்தான் பலர் அதைக் கண்டுகொள்வதே இல்லை. கண்ணாடி முன் நின்று, இரண்டு பற்களுக்கு நடுவே முக்கோணமாக இருக்கும் ஈறு நுனியைப் பாருங்கள். கிள்ளி எடுத்தது போலக் குழிந்து, மேலே சாம்பல் நிறப் படலம் இருந்தால் ஈறு அழுகலாக இருக்கலாம். முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் கிடந்த வீரர்கள் பலர் இதில் அவதிப்பட்டார்கள். தூக்கம் இல்லை, சாப்பாடு சரியில்லை, ஓயாத பயம், கையில் சிகரெட், பல் துலக்க வழியில்லை. சிகரெட் ஒன்றைத் தவிர உங்கள் பரீட்சைக் காலமும் கிட்டத்தட்ட அதுதானே! (சிகரெட்டும் உண்டென்றால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.) நாளைக்கே போய்க் காட்டுங்கள்.

கேள்வி: இது எச்.ஐ.வி.யின் அறிகுறி என்கிறார்களே?

பதில்: எல்லோருக்கும் அப்படி இல்லை. ஆனால் எச்.ஐ.வி. உள்ளவர்களில் சிடி4 அணுக்கள் (நோயை எதிர்க்கும் ஒரு வகை வெள்ளை அணுக்கள்) ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 200க்குக் கீழே இறங்கும்போது இது வரும் வாய்ப்பு கூடுகிறது. ஈறோடு நிற்காமல் பல்லைத் தாங்கும் எலும்பையும் வேகமாக அரிக்கும். வெளிப்படையான காரணம் இல்லாமல் வந்தவர்களுக்கு எச்.ஐ.வி. பரிசோதனையும் இரத்த அணுக்களின் எண்ணிக்கையும் பார்க்கச் சொல்வேன். இரத்தப் புற்றுநோய்கூடச் சிலருக்கு முதலில் ஈறில்தான் தலைகாட்டும்.

கேள்வி: ஒரே டம்ளரில் குடித்தால் ஒட்டிக்கொள்ளுமா?

பதில்: ஒட்டாது. இதைக் கிளப்பும் கிருமிகள் நம் வாயிலேயே குடியிருப்பவை. எதிர்ப்புச் சக்தி தளரும்போது ஆட்டம் போடுகின்றன.

கேள்வி: அம்மாவுக்குக் கீமோ நடக்கிறது. ஈறில் இரத்தம் வருவதால் பல் துலக்குவதை நிறுத்திவிட்டோம். சரிதானே?

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். மிக மென்மையான பிரஷ் போதும், ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வேண்டாம். இரத்தம் கசிவதைப் புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லுங்கள், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருக்கலாம். பல் சுத்தம் செய்வது, பிடுங்குவது எல்லாம் அவரைக் கேட்டு, இரத்த அணுக்களைப் பார்த்த பிறகுதான். காய்ச்சல் வந்தால் நேரம் பார்க்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

கேள்வி: மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை வாங்கிப் போட்டேன், இரண்டே நாளில் வலி போச்சு. இனி டாக்டர் எதற்கு?

பதில்: வலி போனது, பல்லில் இறுகிப் படிந்த அழுக்கான காரை அப்படியே இருக்கிறது. ஈறு குழிந்த இடத்தில் உணவு சிக்கி, நோய் திரும்பத் திரும்ப வரும். காரையைச் சுரண்டி எடுப்பதுதான் முக்கியச் சிகிச்சை. மாத்திரை துணைக்குத்தான், அதுவும் எல்லோருக்கும் தேவைப்படாது. அப்புறம், அந்த மாத்திரை உள்ளே இருக்கும்போது மது தொடவே கூடாது. எதிர்ப்புச் சக்தி ஏன் குறைந்தது என்று பார்க்க வேண்டிய வேலையும் பாக்கி இருக்கிறது.