ஐரோப்பிய ஏஐ சட்டத்துக்குச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்கிறார்: பணம் கொடுக்கலாமா?

கேள்வி: 12 பேர் வேலை செய்யும் சிறிய மென்பொருள் நிறுவனம் நடத்துகிறேன். ரெஸ்யூமேக்களைப் படித்து, மதிப்பெண் போட்டு, வரிசைப்படுத்தித் தரும் ஏஐ கருவி ஒன்றைச் செய்திருக்கிறோம். ஜெர்மனியில் ஒரு நிறுவனம் வாங்கத் தயார். ஆனால் ஐரோப்பிய ஏஐ சட்டத்துக்கும், அங்குள்ள தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆருக்கும் ஏற்றது என்பதற்கு ஆதாரம் கேட்கிறார்கள். ஆலோசகர் ஒருவர் இரண்டுக்கும் சேர்த்துப் பத்து நாளில் சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொல்லிப் பாதித் தொகையை முன்பணமாகக் கேட்கிறார். கொடுக்கலாமா? எங்களுக்கு ஐரோப்பாவில் அலுவலகமே இல்லை. அந்தச் சட்டம் எங்களுக்குப் பொருந்துமா?

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் வகைக் கருவிக்கு வெளியாள் வந்து சான்றிதழ் தர வேண்டும் என்று ஏஐ சட்டம் எங்கேயும் கேட்கவில்லை. சட்டம் கேட்காத ஒரு காகிதத்தை அவர் பத்து நாளில் அச்சடித்துத் தருவார், அவ்வளவுதான்.

சட்டம் பொருந்துமா என்றால், பொருந்தும். அலுவலகம் எங்கே என்று அது பார்ப்பதில்லை. ஐரோப்பியச் சந்தையில் விற்றாலோ, கருவி தரும் முடிவு அங்கே பயன்பட்டாலோ போதும். ரெஸ்யூமேக்களை வடிகட்டுவதும் விண்ணப்பதாரர்களை மதிப்பிடுவதும் சட்டத்தின் 3-வது இணைப்பில், அதிக ஆபத்துள்ளவை என்ற பட்டியலில் வெளிப்படையாகவே இருக்கின்றன. உள்ளே ஓடுவது வேறொரு பெரிய நிறுவனத்தின் மொழி மாதிரியாக இருக்கலாம். உங்கள் பெயரில் விற்கிறீர்கள் என்பதால் பொறுப்பு உங்களுடையது.

இனி சான்றிதழ் விஷயம். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 3-வது இணைப்பில் உள்ள பெரும்பாலான கருவிகளுக்கு, வேலைக்கு ஆள் எடுக்கும் கருவிகளும் சேர்த்து, சட்டத்துக்கு ஏற்றதா என்ற தகுதி மதிப்பீட்டை, கருவியைத் தயாரித்தவரே செய்துகொள்ள வேண்டும். நீங்களே சோதித்து, நீங்களே ஆவணம் எழுதி, நீங்களே உறுதிமொழியில் கையெழுத்திட்டு, ஐரோப்பிய விதிகளுக்கு ஏற்றது என்று காட்டும் சிஇ குறியை இட்டு, ஐரோப்பியத் தரவுத்தளத்தில் பதிவு செய்ய வேண்டும். வெளி அமைப்பு உள்ளே வருவது முக்கியமாகப் பயோமெட்ரிக் கருவிகளில்தான். அப்படிப்பட்ட அமைப்புகளின் பட்டியலும் நாண்டோ என்ற ஐரோப்பிய ஆணையத் தளத்தில் யாரும் பார்க்கும்படி இருக்கிறது. உங்கள் ஆலோசகரின் பெயர் அதில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

ஜிடிபிஆரில் உண்மையான சான்றிதழ் முறை ஒன்று உண்டு, 42-வது பிரிவு. அதை அங்கீகாரம் பெற்ற அமைப்போ தரவுப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அரசு ஆணையமோதான் தர முடியும். குறிப்பிட்ட ஒரு தரவுக் கையாளலுக்குத்தான் தருவார்கள், 'இந்தக் கம்பெனி சுத்தம்' என்று மொத்தமாகத் தர மாட்டார்கள். அதிகபட்சம் 3 ஆண்டு செல்லும். கட்டாயமும் இல்லை. ஆலோசகர் தரப்போவது அது அல்ல. தங்க நிற முத்திரையோடு அவரே வடிவமைத்த ஒரு பிடிஎஃப்.

சில ஆலோசகர்கள் ஏஐ நிர்வாகத்துக்கான ஐஎஸ்ஓ 42001 சான்றிதழைக் காட்டுவார்கள். 2023 டிசம்பரில் வந்த நல்ல தரநிர்ணயம்தான். ஆனால் அது நிறுவனத்தின் நிர்வாக முறையைப் பற்றியது. அதை வாங்கியதாலேயே ஏஐ சட்டத்தை நிறைவேற்றியதாக ஆகாது.

பயமுறுத்தும் வித்தை ஒன்றும் உண்டு. முதல் ஸ்லைடிலேயே '3.5 கோடி யூரோ அபராதம்' என்று சிவப்பில் போடுவார்கள். அந்தத் தொகை, தடைசெய்யப்பட்ட பயன்பாடுகளுக்கான உச்சவரம்பு. உங்கள் வகைக்கு உச்சவரம்பு 1.5 கோடி யூரோ அல்லது உலகளாவிய விற்றுமுதலில் 3 சதவீதம். பெரிய நிறுவனமென்றால் இரண்டில் அதிகமானது, சிறு நிறுவனமென்றால் இரண்டில் குறைவானது. அந்தக் கடைசி வரி எந்த ஸ்லைடிலும் இருக்காது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: வீடியோ நேர்காணலில் முகத்தைப் பார்த்து 'தன்னம்பிக்கை', 'பதற்றம்' என்று கணிக்கும் வசதி ஏதாவது வைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். வேலையிடத்தில் உணர்ச்சியைக் கணிப்பது 2025 பிப்ரவரி 2 முதல் தடை. பெரிய அபராதம் அங்கேதான் இருக்கிறது.

அடுத்து உங்கள் ஆலோசகர் சொல்லப்போவதை நானே சொல்லிவிடுகிறேன்: "கவலைப்படாதீங்க, ஏஐ சட்டத்தோட 6-வது பிரிவில் விலக்கு இருக்கு. உங்க கருவி ஆலோசனைதான் சொல்லுது, முடிவெடுக்கிறது மனுஷன்தானே." இந்த வாதத்தோடு வராத கட்சிக்காரர் எங்கள் அலுவலகத்தில் அபூர்வம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். விலக்கு இருப்பது உண்மை. குறுகலான, இயந்திரத்தனமான வேலையை மட்டும் செய்யும் கருவி, மனிதர் முடித்த வேலையைச் செம்மைப்படுத்தும் கருவி, மதிப்பீட்டுக்கு முந்தைய ஆயத்த வேலையைச் செய்யும் கருவி போன்றவை அதிக ஆபத்துப் பட்டியலிலிருந்து வெளியே வரலாம். ரெஸ்யூமேக்களை ஒரே வடிவத்துக்கு மாற்றுவது, ஒரே ஆள் இரண்டு முறை விண்ணப்பித்ததைக் கண்டுபிடிப்பது, எந்த மொழியில் எழுதியிருக்கிறார்கள் என்று பிரித்து வைப்பது இதில் அடங்கும்.

ஆனால் அந்த விலக்கின் கடைசியில் ஒரு வரி இருக்கிறது. கருவி ஆட்களைப் பற்றி விவரக்கணிப்பு செய்தால், அதாவது அவர்களுடைய தனிப்பட்ட தரவை வைத்துத் திறமை, நம்பகத்தன்மை போன்றவற்றைத் தானாக மதிப்பிட்டால், விலக்கு கிடையாது. எப்போதுமே அதிக ஆபத்துதான். நீங்கள் மதிப்பெண் போடுகிறீர்கள். மதிப்பெண் என்பது வேறென்ன? 'உதவியாளர்' என்று பெயர் மாற்றுவதாலோ, மதிப்பெண்ணுக்குப் பதில் பச்சை, மஞ்சள், சிவப்பு காட்டுவதாலோ இது மாறாது. மதிப்பெண் போடும் பகுதியைத் தனிப் பொருளாகப் பிரித்து, பிறகு இரண்டையும் சேர்த்து அதே வாடிக்கையாளருக்கு விற்பதும் எடுபடாது.

'மனிதர் முடிவெடுக்கிறார்' என்ற பேச்சுக்கு ஜிடிபிஆர் பக்கமும் அடி விழுந்திருக்கிறது. ஜெர்மனியின் ஷூஃபா என்ற கடன் மதிப்பெண் நிறுவனத்தின் வழக்கில் 2023 டிசம்பர் 7 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. வங்கி அந்த மதிப்பெண்ணைப் பெரிதும் நம்பித்தான் முடிவெடுக்கிறது என்றால், மதிப்பெண் போட்டதே ஜிடிபிஆர் கட்டுப்படுத்தும் தானியங்கி முடிவு என்றது. உங்கள் வாடிக்கையாளரின் எச்ஆர் அதிகாரி முதல் இருபது பேரை மட்டும் திறந்து பார்த்து மற்றவர்களுக்கு வருத்தக் கடிதம் அனுப்பினால், உங்கள் நிலையும் அதேதான். அவர்களுடைய வக்கீலுக்கு இந்தத் தீர்ப்பு நன்றாகவே தெரிந்திருக்கும்.

எப்போதிலிருந்து என்று கேட்பீர்கள். இங்கேதான் எனக்கும் பொறுமை போகிறது. சட்டம் 2024 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதிக ஆபத்துக் கருவிகளுக்கு அதில் எழுதிய தேதி 2026 ஆகஸ்ட் 2. எப்படி நிறைவேற்றுவது என்று சொல்ல வேண்டிய தரநிர்ணயங்கள் 2025-லேயே வந்திருக்க வேண்டும், வரவில்லை. அதே ஆண்டு நவம்பரில் ஐரோப்பிய ஆணையமே, உங்கள் வகைக் கருவிகளுக்கு 2027 டிசம்பர் வரை தள்ளலாம் என்று யோசனை வைத்தது. பரீட்சைத் தேதியைக் குறித்துவிட்டுப் பாடப்புத்தகத்தை அச்சுக்கே அனுப்பாத கதை. இந்தக் குழப்பம்தான் சான்றிதழ் வியாபாரிகளை வளர்க்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளில் எந்தத் தேதி செல்லுபடியாகிறது என்று உங்கள் வக்கீலிடம் எழுத்தில் வாங்குங்கள்.

சரி, சான்றிதழுக்கு வைத்திருந்த பணத்தை எதில் போடுவது? தொழில்நுட்ப ஆவணத்தில். எந்தத் தரவை வைத்துக் கருவியைச் சோதித்தீர்கள், ஆண், பெண், வயது வாரியாகப் பிழை எவ்வளவு, மதிப்பெண்ணை எச்ஆர் அதிகாரி எப்படி நிராகரிக்கலாம், பதிவுகளை எவ்வளவு நாள் வைக்கிறீர்கள் என்று உங்கள் பொறியாளர்களே எழுத வேண்டும். வக்கீல் திருத்தித் தரலாம், எழுதித் தர முடியாது. வயது வாரிச் சோதனையை அலட்சியம் செய்யாதீர்கள். அமெரிக்காவில் ஐடியூட்டர்குரூப் என்ற நிறுவனத்தின் மென்பொருள் 55 வயதோ அதற்கு மேலோ ஆன பெண்களையும் 60 வயதோ அதற்கு மேலோ ஆன ஆண்களையும் தானாகவே தள்ளிவிட்டது என்று வழக்கு வந்து, 2023-ல் 3,65,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார்கள்.

ஜிடிபிஆருக்கு வாடிக்கையாளரோடு 28-வது பிரிவின்படி ஒரு தரவுக் கையாளல் ஒப்பந்தம் வேண்டும். தரவு ஐரோப்பாவை விட்டு வெளியே வருவதால் பெரும்பாலும் அதற்கென எழுதிவைத்த நிலையான ஒப்பந்த ஷரத்துகளும் வேண்டியிருக்கும். 2021-ல் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்ட அந்த ஷரத்துகள் ஆணையத்தின் தளத்திலேயே இலவசம். அதையும் 'டெம்ப்ளேட் பேக்' என்று விற்பவர்கள் இருக்கிறார்கள்.

வாடிக்கையாளரின் ஒப்பந்தத்தில் 'எல்லா ஏஐ சட்டங்களுக்கும் முழுமையாக உட்பட்டது என உறுதியளிக்கிறோம், இழப்புகள் அனைத்தையும் ஈடுசெய்வோம்' என்று ஒரு ஷரத்து வரும். வரம்பு போடாமல் கையெழுத்திடாதீர்கள். அந்த ஷரத்துக்கு முன்னால் ஆலோசகரின் பிடிஎஃப் உங்களைக் காப்பாற்றாது. அதோடு, அவர்கள் அனுப்பும் ரெஸ்யூமேக்களை வைத்து உங்கள் மாதிரியைப் பயிற்றுவிக்க நினைத்தால் அதை மறைக்காமல் பேசுங்கள். சொந்தத் தேவைக்குத் தரவைப் பயன்படுத்திய நிமிடமே நீங்கள் வாடிக்கையாளர் சொன்னபடி தரவைக் கையாள்பவர் மட்டும் இல்லை, தரவுக்கு முழுப் பொறுப்பாளர்.

ஆலோசகருக்கு ஒரே ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: "இந்தச் சான்றிதழ் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி, உங்களுக்கு அதைத் தரும் அங்கீகாரம் கொடுத்தது யார்?" பதில் வராது, அல்லது நீளமாக வந்து பிரிவு எண் மட்டும் இருக்காது. 'சோதிப்பதற்கு' என்று அவர் ஏற்கெனவே மாதிரி ரெஸ்யூமேக்களை வாங்கியிருந்தால், அவற்றை அழித்துவிட்டதாக எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அவை உண்மையான ஆட்களின் ரெஸ்யூமேக்கள் என்றால், யாருடைய தரவு, எப்போது அனுப்பினீர்கள் என்ற விவரத்தை எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு வக்கீலைப் பாருங்கள்.