வாசலோடு நின்றுகொள்ளுங்கள், அம்மா!

(மனநலம் குறித்த வாசகர் கடிதங்களுக்கு, பித்தும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை மனநிலைக் கோளாறோடு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்துவரும் பினாங்கு எழுத்தாளர் பதிலளிக்கிறார்.)

கேள்வி: என் மகனுக்கு 34 வயது. மனச்சிதைவு நோய். மாதாமாதம் ஊசி போட்டுக்கொள்கிறான். முன்போல் கத்துவதில்லை, ஆனால் அறையை விட்டு வெளியே வருவதும் இல்லை. இதே நோயுள்ளவர்கள் கூடிப் பேசும் குழுவுக்கு அனுப்பச் சொல்கிறார் மருத்துவர். நோயாளிகள் பத்துப் பேர் ஒன்றாக உட்கார்ந்தால் இருக்கிற நோயும் கூடிவிடாதா? நானும் கூடவே போய் உட்காரலாமா?
– பெயர் வேண்டாம், செந்தூல்

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அம்மா: உட்காரக் கூடாது. வாசல்வரை கொண்டுபோய் விடுங்கள். பக்கத்து மாமாக் கடையில் ஒரு தே தாரிக் வாங்கிக்கொண்டு காத்திருங்கள். நீங்கள் உள்ளே இருந்தால் அவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் உங்கள் முகத்தைப் பார்ப்பார். அப்புறம் பேச்சு எங்கிருந்து வரும்?

இனி முதல் கேள்வி. பத்து நோயாளிகள் என்றதும் உங்கள் கண்முன் வந்தது ஒரு மதில் சுவர்தானே? 1911-இல் பேராக்கின் தஞ்சோங் ரம்புத்தானில் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனைக்கு இன்று உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை என்று பெயர். ஆனால் நம் வீடுகளில் அது இன்னும் 'தஞ்சோங் ரம்புத்தான்'தான். சேட்டை செய்த பிள்ளையை "அங்கே அனுப்பிவிடுவேன்" என்று மிரட்டிய தலைமுறை நாம். குழு நடக்கும் இடம் அப்படி இருக்காது. எங்கள் குழு கூடுவது ஒரு கடைவீட்டு மாடியில். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மின்விசிறி, யாராவது வாங்கி வரும் கறிபாப்.

அங்கே என்ன பேசுவார்கள் என்று கேட்கிறீர்களா? எங்களில் ஒருவருக்குக் காதில் குரல் கேட்கும். பஸ்ஸில் போகும்போதும் விடாது. பதில் சொல்லாமல் இருக்கவும் அவரால் முடியாது. சொன்னால் பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விடுவார்கள். இப்போது கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு பதில் சொல்கிறார். "பஸ்ஸில் இருக்கிறேன், வீட்டுக்குப் போய்ப் பேசலாம்" என்று அதட்டிவிட்டுப் பைக்குள் போட்டுக்கொள்கிறார். பார்ப்பவர்களுக்கு அவர் மனைவியோடு சண்டை போடுகிற ஒரு மனிதர், அவ்வளவுதான்! அவர் இதைச் சொன்னபோது எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அதுவரை வாயே திறக்காத ஓர் இளைஞர், "எனக்கும் கேட்கும்" என்றார். பெற்றவர்களிடம்கூட அவர் அதைச் சொன்னதில்லை.

இன்னொரு நாள் பேச்சு முழுக்கத் தலையணையைப் பற்றி. மனச்சிதைவுக்கான குளோசபின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தூக்கத்தில் எச்சில் ஒழுகித் தலையணை நனைந்துபோகும். வீட்டில் சொல்லக் கூசுவார்கள். துண்டை விரித்துப் படுக்கலாம் என்றார் ஒருவர். மலச்சிக்கல் வந்தால் சும்மா விடாதே, அந்த மருந்தில் அது ஆபத்தாகிவிடும், உடனே மருத்துவரிடம் சொல் என்றார் இன்னொருவர். சிகரெட்டைத் திடீரென்று நிறுத்தினால் இரத்தத்தில் குளோசபின் அளவு ஏறிவிடும் என்பதையும் பலர் குழுவில்தான் முதன்முதலாகக் கேள்விப்படுகிறார்கள். மருத்துவர்களுக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் ஐந்து ரிங்கிட் கட்டி, எண் வாங்கிக் காத்திருந்து உள்ளே போனால் கிடைக்கிற சில நிமிடத்தில் எச்சிலைப் பற்றி யார் வாய் திறப்பார்?

நோயை அனுபவித்தவரே இன்னொரு நோயாளிக்குக் கைகொடுப்பது நேற்று முளைத்த மோஸ்தரும் இல்லை. 1790-களிலேயே பாரிஸின் பிசேத்ர் மருத்துவமனையில் புஸ்ஸேன் என்ற மேற்பார்வையாளர், தேறிய நோயாளிகளையே பணியாளர்களாக வைத்துக்கொண்டார். அவர்கள் மற்றவர்களிடம் கனிவாக நடந்துகொண்டார்கள் என்பதுதான் காரணம்.

ஊசியை விட்டுவிடாதீர்கள், குழு அதற்கு மாற்று ஆகாது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் அடக்கமாகத்தான் சொல்கிறார்கள்: நம்பிக்கை கொஞ்சம் கூடுகிறது, நம் வாழ்க்கை நம் கையில் என்ற எண்ணம் கொஞ்சம் வருகிறது, நோயின் அறிகுறிகளில் பெரிய மாற்றம் தெரிவதில்லை. அந்தக் 'கொஞ்சம்' அறையை விட்டு வெளியே வராத ஒருவருக்கு எவ்வளவு என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் நாள் பத்து நிமிடத்தில் எழுந்து வந்துவிடலாம். வரட்டும். "என்ன பேசினீர்கள்?" என்று மட்டும் கேட்காதீர்கள். வேலைக்குப் போகும் ஆசை தலைகாட்டினால், சுகாதார அமைச்சின் 'மெந்தாரி' சமூக மனநல மையங்களில் வேலை தேடிக்கொடுக்கவும் உதவுகிறார்கள். உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள். உங்களுக்கும் பேச ஆள் வேண்டும், அம்மா. பராமரிப்பவர்களுக்கென்று தனிக் கூட்டம் உண்டா என்று மலேசிய மனநலச் சங்கத்தில் விசாரித்துப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் குழு நண்பர் ஒருவர் இருமுனைக் கோளாறுக்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறார். தைப்பூசத்துக்குக் காவடி வேண்டுதலாம். உப்பில்லா விரதம் இருந்து, மாத்திரையையும் நிறுத்தப்போகிறேன் என்று குழுவில் சொன்னார். 'இங்கே பேசியது வெளியே போகக் கூடாது' என்பது எங்கள் விதி. அவர் அண்ணனிடம் நான் சொல்லலாமா?
– பட்டர்வொர்த் வாசகர்

பதில்: அண்ணனிடம் ஓடாதீர்கள், தம்பி. முதலில் அவரிடமே பேசுங்கள். "நிறுத்தாதே" என்று உபதேசம் செய்ய அவருக்கு வீட்டில் ஏற்கெனவே ஆள் இருக்கும்; உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். நானும் லித்தியக்காரிதான். பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுத்திருக்கிறேன். மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு, இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, மாத்திரையை வேளை தவறாமல் போட்டுக்கொண்டுதான் எடுத்தேன். சைவச் சாப்பாட்டில் நான் விரதம் காத்தேன். தண்ணீரிலும் உப்பிலும் அல்ல.

காரணம் இருக்கிறது. உடம்பில் உப்பும் நீரும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் தேக்கிவைத்துக்கொள்ளும். அளவு மீறினால் கை நடுக்கம் கூடும், வாந்தி பேதி வரும், நடை தள்ளாடும், நாக்குக் குழறும். அப்படியானால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். அந்த வெயிலில் ஐந்நூறு படிக்கு மேல் ஏறுகிறவருக்கு இது விளையாட்டு இல்லை. சரி, மாத்திரையையே நிறுத்திவிடலாம் என்றால், திடீரென்று நிறுத்தியவர்களுக்குப் பித்து வேகமாகத் திரும்பிவிடுகிறது. முருகன் கேட்காத காணிக்கை அது!

அவர் சம்மதித்தால் மருத்துவமனைக்கு நீங்களும் கூடப் போங்கள். ஒன்று மட்டும் வேறு: சாகப்போகிறேன் என்ற பேச்சு வந்தால் ரகசிய விதி அங்கேயே முடிந்தது. அண்ணனிடம் சொல்லுங்கள், 999-ஐ அழையுங்கள். பேசிக்கொண்டிருக்க ஆள் வேண்டுமானால் பிஃப்ரெண்டர்ஸ் உதவித் தொலைபேசி எண் 03-7627 2929. போலீஸ் வழக்காகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது.

கேள்வி: குழுவில் மலாயும் ஆங்கிலமும்தான் பேசுகிறார்கள். எனக்கு அழுகை தமிழில்தான் வருகிறது. நாங்களே தமிழில் ஒன்று தொடங்கலாமா?
– பிரிக்பீல்ட்ஸ் வாசகி

பதில்: தாராளமாகத் தொடங்குங்கள், மூன்று பேர் போதும். உங்களைப் பார்க்கும் மருத்துவரிடமோ தாதியிடமோ முதலில் சொல்லிவையுங்கள். யாருக்காவது நோய் முற்றினால் கூப்பிட ஒரு கை வேண்டும். கோயில் மண்டபம் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். உங்கள் பெரியம்மா அங்கேதான் பூக்கட்ட வருவார்.