முதுநிலை படிக்காமல் முனைவர் பட்டம்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, திருச்சியில் மூன்றாண்டு பி.எஸ்சி. இயற்பியல் முடிக்கவிருக்கிறேன். எம்.எஸ்சி. படிக்காமலேயே பிஎச்.டி.யில் சேர முடியுமா?

பதில்: வழக்கமான பிஎச்.டி.யில் சேர இயலாது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட விதிமுறைகளின்படி, நேரடிச் சேர்க்கைக்கு எட்டுப் பருவங்கள் கொண்ட நான்காண்டு இளநிலைப் பட்டமும் அதில் குறைந்தது 75 விழுக்காடும் தேவை. நம் கலை அறிவியல் கல்லூரிகளிலோ பெரும்பாலும் மூன்றாண்டுப் பட்டம்தான். ஆனால் உங்களுக்கென்றே ஒருங்கிணைந்த பிஎச்.டி. இருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், மூன்றாண்டு பி.எஸ்சி. முடித்தவர்களை ஜாம் (முதுநிலை அறிவியல் சேர்க்கைக்கான தேசிய நுழைவுத் தேர்வு) போன்ற தேர்வுகளின் வழியாக அதில் சேர்த்துக்கொள்கிறது. போகிற வழியிலேயே முதுநிலைப் பட்டமும் கிடைத்துவிடுவதால், நான்காண்டுப் பட்டம் இல்லையே என்று நீங்கள் வருந்த வேண்டியதில்லை.

கேள்வி: நான்காண்டுப் பட்டத்தில் 72 விழுக்காடு பெற்றுள்ளேன், பிற்படுத்தப்பட்ட வகுப்பினன். தகுதி உண்டா?

பதில்: கிரீமிலேயர் (பிற்படுத்தப்பட்டோரில் வசதி படைத்த பிரிவினர்) வரம்புக்குள் வராதவரானால் 5 விழுக்காடு தளர்வு உண்டு, 70 போதும். தளர்வு கிடைக்காவிட்டால் ஓராண்டு முதுநிலைப் படிப்பில் 55 விழுக்காடு எடுத்துவிட்டு வரலாம்.

கேள்வி: நான்காண்டு இளநிலை மட்டும் முடித்தவர் நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வை எழுதலாமா?

பதில்: 2024 ஜூன் தேர்விலிருந்து எழுதலாம், இறுதிப் பருவத்தில் இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். மதிப்பெண்ணைப் பொறுத்து ஜேஆர்எஃப் எனும் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகைக்கோ பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டுமோ தகுதி பெறுவீர்கள். உதவிப் பேராசிரியர் தகுதி கிடைக்காது. சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெற்றால் நெட் மதிப்பெண்ணுக்கு 70, நேர்முகத் தேர்வுக்கு 30 என்று கணக்கிடுவார்கள், அந்தத் தகுதி ஓராண்டுக்கே செல்லும்.

அந்த முப்பதை அலட்சியமாக எண்ண வேண்டாம். இயற்பியல் துறை என்றால், சுண்ணக்கட்டியைக் கையில் கொடுத்துத் தணிவுறு அலைவின் (மெல்ல மெல்ல அடங்கும் அலைவு) சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதச் சொல்வார்கள். எழுதி முடித்ததும், தணிவைச் சிறிது சிறிதாகக் கூட்டினால் வரைபடம் எப்படி மாறும் என்று கேட்பார்கள். மனப்பாடம் செய்தவர்கள் அங்கேதான் நின்றுவிடுகிறார்கள்.

கேள்வி: பி.இ. இறுதியாண்டு படிக்கிறேன். ஐஐடியில் நேரடி பிஎச்.டி.யில் சேர்ந்தால் எம்.டெக். படிக்கும் இரண்டு ஆண்டுகள் மிச்சம் என்கிறார்கள். உண்மையா?

பதில்: பாதி உண்மை. சேர்க்கை கிடைக்கும், கேட் (பொறியியல் முதுநிலை நுழைவுத் தேர்வு) மதிப்பெண், சிஜிபிஏ (மொத்தத் தரப்புள்ளிச் சராசரி) வரம்பு ஆகியவை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆனால் எம்.டெக். மாணவர் படித்து முடித்த பாடங்களை நீங்கள் ஆய்வோடு சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கும் என்பதால், இரண்டு ஆண்டுகளும் அப்படியே மிச்சமாவது அரிது.

நான் அதைவிடப் பெரிதாகக் கருதுவது வெளியேறும் வாயிலை. பொறியியல் கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கு ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) விதிகள் பி.இ.யோடு எம்.இ.யையும் கேட்கின்றன, கலை அறிவியல் கல்லூரிகளுக்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளும் முதுநிலையில் 55 விழுக்காட்டை எதிர்பார்க்கின்றன. முதுநிலை இல்லாத முனைவர், ஆய்வுக்கூட வேலைக்கோ தொழில்துறைக்கோ தடையின்றிப் போகலாம். கல்லூரி வேலைக்கு விண்ணப்பிக்கையில் படிவத்தில் முதுநிலைக்கான கட்டத்தில் எதை நிரப்புவது என்று திகைக்க நேரலாம். ஆகவே, இடையில் விலகினால் அல்லது பாடப்பகுதியை முடித்தால் முதுநிலைப் பட்டம் வழங்குவார்களா என்று சேர்வதற்கு முன்பே கல்விப்பிரிவு அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வருங்கால வழிகாட்டியின் வாய்மொழி உறுதி எவ்வளவு அன்பானதாக இருந்தாலும் போதாது.

கேள்வி: அமெரிக்காவில் இந்தச் சிக்கல் இல்லையாமே?

பதில்: அங்கே இளநிலையிலிருந்து நேரே பிஎச்.டி.க்குப் போவது இயல்பான வழி. முதல் ஓரிரு ஆண்டுகள் பாடங்களும் தகுதித் தேர்வும், பிறகு ஆய்வு என்று ஐந்தாறு ஆண்டுகள் ஓடும்; பல துறைகளில் நடுவே முதுநிலைப் பட்டமும் தருவார்கள். நம்முடைய மூன்றாண்டுப் பட்டத்தைச் சில பல்கலைக்கழகங்கள் ஈடாக ஏற்பதில்லை என்பதால், விண்ணப்பக் கட்டணம் செலுத்துவதற்கு முன் மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.