பதில்: சென்னைக்குப் போனால் டிக்டாக் கணக்கு போய்விடுமா?

சகோதரி, பொங்கலுக்கு ஒரு மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னை போகிறீர்கள், முறுக்கு விற்கும் டிக்டாக் கணக்கு போய்விடுமோ என்று கேட்டிருந்தீர்கள். கணக்கு எங்கும் போகாது. அங்கே செயலிதான் வேலை செய்யாது. எல்லையில் இந்திய, சீனப் படைகள் மோதிய கல்வான் மோதலுக்கு இரண்டே வாரத்தில், 2020 ஜூன் 29 அன்று, இந்தியா 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது. டிக்டாக்கும் அதில் ஒன்று. மதுரையில் மாமா வீட்டு வைஃபையில் நானும் திறந்து பார்த்தேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, அவ்வளவுதான். வேறு நாட்டிலிருந்து பார்ப்பதுபோல் காட்டும் விபிஎன் போடு என்பார்கள். ஊருக்குப் போன இடத்தில் அந்த வம்பு எதற்கு?

இன்னும் வெளியிடாமல் வைத்திருக்கும் வீடியோ, அதாவது டிராஃப்ட்தான் கவனம். அது உங்கள் கைத்தொலைபேசியில் மட்டும் இருக்கும். திறக்கவில்லையே என்று செயலியை அழித்தால் எல்லாம் போச்சு! முதலில் வீடியோக்களை கேலரியில் சேமித்துவிடுங்கள்.

சிங்கப்பூரும் தடை செய்யும் என்கிறாராம் உங்கள் கணவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இங்கே செயலியை விட்டுவிட்டு, கணக்குகளைத்தான் குறிவைக்கிறார்கள். 2024 ஜூலையில் உள்துறை அமைச்சு, வெளிநாட்டுத் தலையீட்டுக்கு எதிரான சட்டத்தின்கீழ், 95 கணக்குகளை இங்குள்ளவர்கள் பார்க்க முடியாதபடி தடுக்கச் சொன்னது. உத்தரவு போனது ஃபேஸ்புக், யூடியூப், டிக்டாக் உட்பட ஐந்து தளங்களுக்கு. முறுக்குக் கடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. (டிக்டாக்கின் தலைமை நிர்வாகியே நம்ம ஊர்க்காரர்தான். சீனரா என்று துருவிக் கேட்ட அமெரிக்க செனட்டில் "நான் சிங்கப்பூரர்" என்று எத்தனை முறை சொல்ல வேண்டியிருந்தது, பாவம்.)

அப்புறம், கிளம்புவதற்கு முன்பே உங்கள் தங்கச்சியின் ஃபோனில் கணக்கைத் திறந்து கொடுத்துவிடுங்கள். திறக்கும்போது கேட்கும் குறியீடு உங்கள் சிங்கப்பூர் எண்ணுக்குத்தான் வரும்.